இரவு நேரத்துத் தலை ஸ்கேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு நகரங்களில்கூட இப்போது நள்ளிரவில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட முடிகிறது. ஆனால் அந்த நேரத்தில் படத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவு டியூட்டி டாக்டர்தான். கதிரியக்க நிபுணரின் ரிப்போர்ட் வர விடிந்துவிடும்.

1995-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 555 பேரின் தலை ஸ்கேன்களை அவசர மருத்துவர்கள் படித்ததும் நிபுணர்கள் படித்ததும் 38.7 சதவீதம் பேருக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் அதனால் சிகிச்சை தவறியது மூன்று பேருக்குத்தான். நோயாளியின் நினைவு, வாந்தி, கண்மணி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததுதான் மற்றவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் டாக்டர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. முதலில் ரத்தம், அப்புறம் மூளையைச் சுற்றிய நீர்த்தேக்கங்கள், மூளை, உள்ளறைகள், கடைசியாக எலும்பு என்று வரிசையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் துல்லியம் நன்றாகவே கூடுகிறது என்பதும் 1998-லேயே தெரிந்துவிட்டது.

ஸ்கேன் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னை உறுத்துவது, படத்தை எதில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பது. மண்டையோட்டை ஒட்டிக் கசியும் மெல்லிய ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். பக்கத்திலேயே எலும்பும் வெள்ளை. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கம்ப்யூட்டரில் 'விண்டோ'வை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை படம் காட்டும் அடர்த்தி வரம்பை, கொஞ்சம் அகலப்படுத்தினால் எலும்புக்கு உட்புறம் அந்தக் கோடு தனியாகப் பிரிந்து தெரியும். ஃபிலிமை டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தாலோ, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பெரிதாக்கினாலோ அது முடியாது. எத்தனையோ இடங்களில் இன்னமும் அப்படித்தான் பார்க்கிறார்கள். வயதானவர்கள் விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தால் இன்னும் சிரமம். பழைய ரத்தம் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். இருபுறமும் இருந்தால் பழகிய கண்ணும் ஏமாறும்.

சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அரசே ஏற்கிறது. நல்ல காரியம். அதோடு, அவசரப் பிரிவிலேயே ஸ்கேன் பார்க்கும் கம்ப்யூட்டர் திரை ஒன்று வேண்டும். டியூட்டி டாக்டர் இரவில் எழுதியதையும் நிபுணர் காலையில் எழுதியதையும் தினமும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால், வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளியைப் போனில் கூப்பிடும் பொறுப்பு இன்னாருடையது என்று டியூட்டி பட்டியலிலேயே போட வேண்டும். யாரிடமும் ஒப்படைக்காத வேலையை யாரும் செய்வதில்லை. சுகாதாரத் துறை இதை உத்தரவாகவே போட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஸ்கேன் டெக்னீஷியன், திருச்சி