ரப்பர் செடிக்குக் குளிர்காலம்

அன்புக் கண்ணுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, மண்ணோ கறுத்து ஈரமாகவே கிடக்கிறது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறாய் போல. முதலில் அதை நிறுத்து. டொராண்டோவில் டிசம்பரில் பகலே 9 மணி நேரம்தான். வெளிச்சம் குறைந்தால் ரப்பர் செடி வளர்வதை நிறுத்திக்கொள்ளும், தண்ணீரும் அவ்வளவாக இழுக்காது. மிஞ்சுகிற ஈரம் வேரை அழுக வைத்துவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று, அடித்தட்டில் வடிவதைக் கொட்டிவிடு.

அப்புறம், அதை ஹால் மூலையிலிருந்து எடுத்து தெற்கு ஜன்னல் பக்கம் வை. இலை குளிர்ந்த கண்ணாடியில் படக்கூடாது, ஹீட்டரின் சூடும் நேராக அடிக்கக்கூடாது. வைத்த பிறகு அங்கேயும் இங்கேயும் மாற்றாதே, அதற்கும் இலை கொட்டும்.

இது தொட்டிக்கென்றே பிறந்த செடி இல்லை, கண்ணு. அஸ்ஸாம், மேகாலயா மழைக்காட்டில் பெருமரமாக நிற்பது. நானும் அப்பாவும் சிரபுஞ்சிக்குக் கீழே நோங்ரியாட்டில் அதன் வேர்ப்பாலத்தில் நடந்திருக்கிறோம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. அங்கே வாழும் காசி பழங்குடி மக்கள் இந்த மரத்தின் விழுதைக் குடைந்த பாக்கு மரத்துக்குள் விட்டு, ஓடையைத் தாண்டி அக்கரை மண்ணில் ஊன்ற வைக்கிறார்கள். ஆள் நடக்கும் அளவுக்குப் பாலம் உறுதிப்பட 15 வருடமாவது ஆகும், சிலதற்கு 30. வளர்க்கத் தொடங்கியவர் வயதாகி உட்கார்ந்த பிறகு பேரப்பிள்ளைகள் அதில் ஓடுகிறார்கள். அந்தப் பாலத்தின் மேல் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஜாதி மரம் ஒரு குளிர்காலத்தில் பத்து இலை கொட்டியதற்கெல்லாம் சாகாது, பயப்படாதே. (நம் கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பால் எடுக்கிறார்களே, அது பிரேசிலிலிருந்து வந்த வேறு மரம்.)

காற்றைச் சுத்தம் செய்யும் என்று கடையில் சொன்னார்கள் என்றாய். 1989-இல் நாசா செய்த ஆய்வை வைத்துச் சொல்வது அது. ஆனால் அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்த சோதனை. வீட்டில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் ஆகிற வேலைக்கு, சதுர மீட்டருக்கு 10 செடியாவது வேண்டும் என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அழகுக்காக வளர், அது போதும்.

உன் அறைத்தோழியின் பூனை இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள். இலையில் வடிகிற பால் பூனைக்கு ஆகாது, நம் தோலிலும் சிலருக்கு அரிக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடை. உரம் இப்போது வேண்டாம்.

வெயில் திரும்பியதும் நுனியில் சிவப்பு உறை ஒன்று நீளும், புது இலை அதற்குள்தான் சுருண்டிருக்கும். அப்போது கூப்பிடு. நுனியை வெட்டிக் கிளைக்க விடுவதா, விண்பதியம் போட்டு, அதாவது தண்டிலேயே வேர் விட வைத்து, இன்னொரு செடி எடுப்பதா என்று பேசி முடிவு பண்ணலாம்.

அம்மா