மீன்பாடி வண்டிக்குப் புது முன்பக்கம்

ராயபுரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். அம்மாதான் கண் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போகிறார்.

நான் ஆறு மாதமாக ஒரு மீன்பாடி வண்டியோடு, முன்னால் பெட்டியும் இரண்டு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் உள்ள அந்த மிதிவண்டியோடு, கிடக்கிறேன். நம் தெரு அண்ணன் ஒருவர் காசிமேட்டிலிருந்து விடிகாலையில் ஐஸ் போட்ட மீன்கூடைகளை ஏற்றி அந்த வண்டியை மிதித்துக்கொண்டு வருவார். ஒருநாள் டீக்கடையில் அவரால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. வலது மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றியிருந்தார். "பள்ளத்துல விழுந்தா பெட்டி கையை முறுக்குது தம்பி" என்றார். அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நீ பார்த்திருக்கிறாய். முன்பெட்டி, அச்சு, இரண்டு சக்கரம் எல்லாம் ஒன்றாக ஒரே நடுமுளையில் திரும்பும். முளைக்கும் சக்கரத்துக்கும் இடையே இரண்டடி. ஒரு சக்கரம் கல்லில் மோதினால் அந்த இரண்டடியும் நெம்புகோலாகி அடி முழுக்கக் கைக்கு வருகிறது. அந்தக் கால சாரட்டு வண்டிகளிலும் இதே தொல்லைதான். மியூனிக்கில் லாங்கன்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி முளை கொடுத்தார். 1818இல் லண்டனில் அவர் சார்பாகக் காப்புரிமை வாங்கியவர் அக்கர்மன். அந்த அமைப்புக்கு அக்கர்மன் பெயரே நிலைத்துவிட்டது. செய்தவர் பெயர் மறைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

அதே வழியில்தான் போனேன். பெட்டியைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒட்டியே ஒரு கிங்பின், அதாவது சக்கரம் திரும்பும் முளை. இப்போது தூரம் இரண்டு அங்குலம். அதே கல் மோதினாலும் கைக்கு வருவது பன்னிரண்டில் ஒரு பங்குதான். திரும்பும்போது உள்சக்கரம் அதிகம் திரும்ப வேண்டுமே, அதற்கு ஒவ்வொரு கிங்பின்னிலிருந்தும் பின்சக்கர நடுவுக்கு நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே டை ராடு (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) மாட்டும் கையைப் பொருத்தினேன். வளைவில் டயர் தேய்ந்து இழுபடும் சத்தம் நின்றது.

குலுக்கல்தான் படுத்தி எடுத்தது. முதலில் டிராக்டர் போல முன்னச்சை நடுவில் ஆடவிட்டேன். டிராக்டரைப் பின்னால் இரண்டு சக்கரம் தாங்கும், நமக்கு ஒன்றுதான். பாரத்தோடு வண்டி பக்கவாட்டில் சாய்ந்து இரண்டு கூடை நெத்திலி ரோட்டில். நல்லவேளை, அண்ணனுக்கு அடியில்லை. அப்புறம் ஸ்பிரிங். பாரத்துக்குச் சரியாக இருந்தால் காலி வண்டி துள்ளுகிறது. காலி வண்டிக்குச் சரியென்றால் பாரத்தில் முழுக்க அமுங்கி அடியில் தட்டிவிடுகிறது. 1959இல் வந்த மினி காரில் அலெக்ஸ் மோல்டன் என்ற இன்ஜினியர் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு வைத்தது ஞாபகம் வந்தது. அமுங்க அமுங்க ரப்பர் விறைக்கும், அதனால் காலிக்கும் பாரத்துக்கும் ஒன்றே போதும். பழைய லாரியில் இன்ஜினைத் தாங்கும் ரப்பரைக் கூம்பாகச் சீவி வைத்தேன். கூடையில் ஐஸ் சலசலக்கும் சத்தமே குறைந்துவிட்டது.

இப்போது ஒரே குறை. மீன் தண்ணீரின் உப்பு இறங்கி மூன்றே வாரத்தில் கிங்பின் தேய்ந்து ஆடுகிறது. உன் லேத்தில் நான்கு பின் கடைந்து, கெட்டிப்படுத்தி, கன்மெட்டல் புஷ்ஷோடு (பின் சுழலும் வெண்கல உறை) அனுப்புவாயா? விட்டம் 20 மி.மீ., நீளம் 110. கிரீஸ் போக நடுவில் ஓட்டை வேண்டும். பொங்கலுக்கு முன் வந்தால் அண்ணனுக்குப் பழைய வண்டியைத் தொடவேண்டி இருக்காது.

அன்புடன்,
உன் ராயபுரத்துக்காரன்