புடலை விதையைத் தபாலில் போட்டுவிடாதே

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அம்மா இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும்தான் எனக்கு மனம் ஆறியது.

வீட்டுக் கொல்லையில் எடுத்த புடலை விதையை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் சாந்தி. எனக்கும் ஆசைதான், ஆனால் இங்கே சிங்கப்பூரில் செடி, விதை விஷயம் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. செடி என்றால் உங்கள் பக்கம் நோய், பூச்சி இல்லை என்று தரும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும். விதைக்கு இனத்தைப் பொறுத்து நிபந்தனை மாறும். முதலில் நான் கேட்டுச் சொல்கிறேன். சான்றிதழ் தேவைப்பட்டால் மீனம்பாக்கத்தில் மத்திய அரசின் தாவர நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

இந்தக் கண்டிப்பு தேவை என்றே நினைக்கிறேன். என் தாத்தா மலாயாவின் ஜொகூர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அந்த மரமே கடல் கடந்து வந்த விதைதான். 1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் இங்கே வந்தன. பூமலையில், அதாவது இங்குள்ள தாவரவியல் தோட்டத்தில், வளர்ந்த மரங்களின் விதைதான் மலாயா தோட்டங்களுக்கெல்லாம் போனது. பிரேசிலிலோ ஃபோர்டு கம்பெனி போட்ட பெரிய ரப்பர் தோட்டத்தை 1930-களில் இலைக்கருகல் பூஞ்சை தின்று தீர்த்தது. அந்தப் பூஞ்சை மட்டும் இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் தாத்தாவின் தோட்டம் ஏது, நாங்கள் ஏது?

இங்கே எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் புடலைக் கொடி பந்தலேறிவிட்டது. விதை தேக்கா சந்தையில் வாங்கியது. பூ இருட்டிய பிறகுதான் விரிகிறது. வெள்ளை இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து தொங்குவதை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்! மகரந்தம் சேர்க்கும் அந்துப்பூச்சி அதிகம் வருவதில்லை. ஆண் பூவைக் கிள்ளி, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவில் நானே தடவிவிடுகிறேன். அப்படித் தொட்டதுதான் காய்க்கிறது.

உங்கள் வரி போட்ட குட்டைப் புடலைதான் எனக்கு வேண்டும். இந்த முறை ஒரு காயைக் கொடியிலேயே பழுக்க விட்டு, விதையைக் கழுவி, நிழலில் காயவைத்துத் தனியே எடுத்து வை. துளி மண்கூட ஒட்டியிருக்கக் கூடாது. அப்புறம், அது எங்கிருந்து உங்கள் கொல்லைக்கு வந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தா