ரிப்போர்ட்டைக் கொடுப்பவர்கள் அவசரத்தையும் சொல்லட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையிலேயே காலத்தைக் கழித்தவர். வயது அறுபதை நெருங்குகிறது, பல வருடங்களாகப் பிரஷர் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொடுக்கிறவர்கள், அது எவ்வளவு அவசரமானது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கொஞ்ச நாளாகவே அவரால் ஏற்றம் ஏற முடியவில்லை. எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் படியில் பாதி வழியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள, பனிக்கு அப்படித்தான்" என்பார். தோட்டத்து டிஸ்பென்சரியில் விரலில் மாட்டிப் பார்க்கும் மெஷின் நாடித் துடிப்பை 44 என்று காட்டியது. பெட்டரி போயிருக்கும் என்று மருந்தையா வேறொன்றை மாட்டினார். அதிலும் 44. பிறகு மணிக்கட்டைப் பிடித்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். கணக்கு மாறவில்லை. உடனே பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே நல்ல கூட்டம். இரத்தத்தை வெளியில் சோதித்துக்கொண்டு கிளினிக் நாளில் வரச் சொல்லிவிட்டார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். ஆய்வுகூடத்துக் கவுண்டரில் இருந்த பிள்ளை அதைக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து நீட்டியது. வீட்டுக்கு வந்து மகள் வாசித்தாள். பொட்டாசியம் 6.2. பக்கத்தில், இருக்க வேண்டிய அளவு 3.5 முதல் 5.1 வரை என்று போட்டு, ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் அப்படியொரு குறி. சனி, ஞாயிறு, அதற்கடுத்த திங்கள் போயா விடுமுறை. கிளினிக் அதற்கும் பிறகு. அன்றிரவு அவர் அசந்து தூங்க, நான் அவர் மணிக்கட்டில் விரலை வைத்தபடி இருந்தேன். ஒரு துடிப்பு வந்து போனால் அடுத்தது வரும்வரை என் மூச்சு நின்றுவிடும்.

மறுநாள் காலையில், மகளுக்குத் தெரிந்த தாதி ஒருவர் போனில் அந்தத் தாளின் படத்தைப் பார்த்தார். "நாடியும் குறைவு, பொட்டாசியமும் கூட. கிளினிக் வரைக்கும் வச்சிருக்காதீங்க, இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றார். 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்குத்தான் வந்தது. லயத்திலிருந்து அதுவரைக்கும் பக்கத்துக் காம்பராப் பையன்கள் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வார்டில் உடனே ஈ.சி.ஜி. எடுத்து, மருந்தும் ஏற்றத் தொடங்கினார்கள்.

அங்கிருந்த தமிழ் டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். இவர் குடித்துவந்த அட்டெனொலோல் குளிசை நாடித் துடிப்பைக் குறைக்கும். அது சிறுநீரகம் வழியாகத்தான் உடம்பை விட்டு வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தால் குளிசை உடம்பிலேயே தங்கும், பொட்டாசியமும் தங்கும். இரண்டும் சேர்ந்து இதயத்தை இன்னும் மெதுவாக்கும். இதயம் மெதுவானால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து அது மேலும் தளரும். பிரஷருக்கென்று கொடுக்கும் லொசார்டனும் சிலருக்குப் பொட்டாசியத்தைக் கூட்டுமாம். இவர் அட்டெனொலோலைக் கிளினிக்கிலும் லொசார்டனை டவுனில் ஒரு டாக்டரிடமும் வாங்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக் வேறு. அது சிறுநீரகத்துக்குக் கேடு என்று கவ்வாத்து மலையில் யாருக்கும் யாரும் சொன்னதில்லை. உடம்பு சோர்ந்தவருக்கென்று வீடு தேடி வந்த செவ்விளநீரிலும் பொட்டாசியம் நிறைய என்பதை வார்டில்தான் கேள்விப்பட்டேன். அன்பாகக் கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்லவில்லை.

டாக்டர் மறுபடி இரத்தம் எடுத்தார். எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் நேரம் கழித்து அனுப்பினாலும், குளிரில் வைத்தாலும், பஸ்ஸில் குலுங்கிச் சிவப்பணு உடைந்தாலும், அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டுமாம். எங்கள் மலைக்கும் வளைவு ரோட்டுக்கும் இது பொருந்துகிற விஷயம். இவருக்கு இரண்டாவது முறையும் கூடத்தான் இருந்தது. தைரொயிட்டையும் சோதித்தார்கள், அது சரியாக இருந்தது. தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் நாடி மெதுவாகும், உடம்பு குளிரும், சோர்வு வரும். மலையில் இந்த மூன்றையும் பனிமேல் பழி போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். கொழுந்தெடுக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கேட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நாடி 60க்குக் கீழே இருந்தாலே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஓடியாடும் இளம் பிள்ளைகளுக்கும், தூங்கும்போது எல்லோருக்கும் குறையும். ஆனால் தலைசுற்று, மயக்கம், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி இவற்றோடு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. அதற்காகக் குளிசையை நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. அட்டெனொலோல் போன்றவற்றைத் திடீரென்று விட்டாலும் கேடுதான். வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் டாக்டர் முன்னால் கொட்டுங்கள்.

இப்போது அட்டெனொலோலை நிறுத்தி வேறு மருந்து தந்திருக்கிறார்கள். நாடி 60க்கு மேல் நிற்கிறது. சிறுநீரகம் எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு இன்னும் சோதனை இருக்கிறது. இதயத்தைச் சரியாகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைக்கும் நிலை வந்திருந்தால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிக் கண்டிக்குத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பயம் எனக்கு முழுதாக விட்டுப் போகவில்லை.

ஆய்வுகூடம் தந்த பற்றுச்சீட்டில் எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கம் தெளிவாக அடித்திருக்கிறது. பொட்டாசியம் 6ஐத் தாண்டியதைக் கண்டவர்கள் அந்த இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். இன்றே போங்கள், இந்த வாரத்துக்குள் போங்கள், கிளினிக் நாளில் போதும் என்ற மூன்றில் எது என்று தமிழில் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆபத்தான முடிவுகளை நோயாளிக்கோ அனுப்பிய டாக்டருக்கோ உடனே அறிவிப்பதை எல்லா ஆய்வுகூடங்களுக்கும் கட்டாயமாக்கும்படி சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்ட டிஸ்பென்சரிகளுக்கு ஈ.சி.ஜி. மெஷினும் அதை எடுக்கப் பயிற்சியும் கொடுங்கள். எடுத்த தாளைப் போனில் படம் பிடித்து ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்ப எங்கள் மருந்தையாவுக்குத் தெரியும். நாடியை இரண்டு மெஷினிலும் பார்த்து, கையாலும் எண்ணியவர் அவர். மிச்சத்தையும் சரியாகவே செய்வார்.

இப்படிக்கு,
பிள்ளைமடுவ ஊழியர் ஒருவர்,
ஹட்டன்.