பாத்திரங்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன

பங்கில் எங்கள் வட்டாரச் செபக்குழுவான அன்பியத்து உறவுகளுக்கும், பினாங்கு ஆயர் ஈத்தாம் மாடிவீட்டு அக்கம்பக்கத்தாருக்கும், டயலிசிஸ் நிலையத்துத் தாதிகளுக்கும் அன்பு வணக்கம்.

என் வீட்டுக்காரர் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அடக்கத்தன்று யார் யார் வந்தார்கள், யார் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. அன்று ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சர்க்கரை நோய் அவருக்கு நாற்பது வயதிலேயே வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. இந்த நாட்டில் டயலிசிஸுக்குப் போகிற பலருடைய கதையும் இதுதான். திங்கள், புதன், வெள்ளி மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இப்படியே ஆறு ஆண்டு. லாரி ஓட்டிய காலத்தில் அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதி அப்போதுதான் கைகொடுத்தது. அதற்கான ஃபாரங்களை நிரப்பி, கவுண்டர் கவுண்டராக என்னோடு அலைந்த எங்கள் அன்பியத் தலைவி அக்காவுக்கு முதல் நன்றி. அன்று நீங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தீர்கள் என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அக்கா.

அவர் இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். இரத்தக் குழாய்கள் இரண்டை ஒன்றாக இணைத்துத் தைப்பது. அதன்மேல் விரலை வைத்தால், உள்ளே ஒரு தேனீ மாட்டிக்கொண்டதுபோல விர்ரென்று அதிரும். அதிர்ந்தால் இரத்தம் ஓடுகிறது, அதிர்வு நின்றால் நேரம் கடத்தாமல் ஓடி வரவேண்டும் என்று மூத்த தாதி என் விரலைப் பிடித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து இரவு செபமாலை முடிந்ததும் அவர் கையை என் பக்கம் நீட்டுவார். நான் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “ஓடுது” என்பேன். “சரி, தூங்கு” என்பார். இப்போதும் செபமாலையைச் சுருட்டி வைத்ததும் என் விரல் தானாகப் பக்கத்தில் தேடுகிறது.

தாதிகளே, நீங்கள் ஊசி குத்தியதற்கு மட்டும் நான் நன்றி சொல்லவில்லை. நாளுக்கு ஒரு லிட்டர்கூடத் தண்ணீர் குடிக்க முடியாத மனிதருக்கு, அளந்த தண்ணீரைச் சின்னச் சின்ன ஐஸ் கட்டியாக உறைய வைத்து வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னீர்கள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டுத் தாளிக்கச் சொன்னீர்கள். புளிச்சக்காய் விற்கிறவர் கண்ணில் பட்டால்கூட என்னை எச்சரிப்பீர்கள். நட்சத்திரப் பழமோ புளிச்சக்காயோ எதுவும் வாயில் படக்கூடாது என்று. உடம்பில் தண்ணீர் சேர்ந்து அவர் எடை ஏறி வந்த நாள்களில் திட்டவும் செய்தீர்கள். வீட்டில் மூத்த மகள் திட்டுவதுபோல இருந்தது, அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

ஏழாவது மாடி சீன அங்கிளுக்கு என்ன சொல்வது? முதல் ஷிப்ட்டுக்காக விடியற்காலை ஐந்து மணிக்கு வேனைக் கீழே நிறுத்திவிட்டு, ஹாரன் அடித்தால் ஆட்கள் எழுந்துவிடுவார்கள் என்று விளக்கை மட்டும் இரண்டு தடவை போட்டுக் காட்டுவார். சன்னலில் அந்த வெளிச்சம் விழுந்ததும் நாங்கள் இறங்குவோம். லிஃப்ட் கெட்டுக் கிடந்த நாள்களில் மேலே ஏறி வந்து அவர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போவார். பெட்ரோலுக்குப் பத்து வெள்ளி நீட்டினால் கோபம் வந்துவிடும். பக்கத்து வீட்டு மலாய் அத்தை மக்சிக், நீங்கள் ரமலான் மாதத்தில் நோன்பு இருந்துகொண்டே என் வீட்டுக்காரருக்கென்று தனியாக உப்புப் போடாத கஞ்சி காய்ச்சினீர்கள். அப்புறம் இன்னொன்று. டுரியான் பழம் விளையும் பாலிக் புலாவ்காரர் அவர், டுரியான் என்றால் உயிர். பொட்டாசியம் ஏறிவிடும் என்று அதைத் தொடவே கூடாது. அந்த ஆறு சீசனும் எங்கள் வராந்தாவில் ஒரு வீட்டிலும் யாரும் டுரியான் உடைக்கவில்லை. ஒருவரும் பேசி வைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

இடையில் ஒருவர் வந்து, “விசுவாசம் இருந்தால் மெஷின் எதற்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை, வெள்ளிக்கிழமை போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வியாழன் மாலை நம் பங்குத்தந்தை வந்தார். பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. இறந்துபோன நண்பர் லாசரின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுததை மட்டும் பைபிளிலிருந்து வாசித்தார். “இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். நீங்கள் களைத்துப்போனதை அவர் குறையாக எடுத்துக்கொள்வாரா?” என்று கேட்டார். மறுநாள் ஐந்து மணிக்கு விளக்கு இரண்டு தடவை எரிந்தது, நாங்கள் இறங்கினோம். பங்குச் சாமி, அந்த ஒரு மாலை அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு கொடுத்தது.

அவருடைய கடைசி ஜூலையில் புனித அன்னம்மாளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். சின்ன வயதில் அவருடைய அம்மா தூக்கிக்கொண்டு போன கோயில். வெள்ளிக்கிழமை மெஷின் முடிந்த மறுநாள், பங்கு இளையோர் நான்கு பேர் பாலத்தைக் கடந்து புக்கிட் மெர்தாஜாமுக்குக் கூட்டிப்போனீர்கள். திருவிழாக் கூட்டத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மெழுகுவர்த்திப் பவனியில் நடந்தீர்கள். காற்றில் அவருடைய மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தம்பி குனிந்து தன்னுடையதிலிருந்து பற்றவைத்தான். மெழுகு அவன் கையில் சொட்டியதை நான் பார்த்தேன். அவன் கையை உதறக்கூட இல்லை.

செப்டம்பரில் வார்டில் மூன்று இரவு. சாமி நள்ளிரவில் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தார். அன்பியத்துப் பெண்கள் முறை வைத்து என்னோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தீர்கள். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். நீங்களும் பேசவில்லை. ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்தீர்கள். “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினீர்கள், என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லி முடித்தீர்கள். அதற்குப் பிறகு பல வாரம் எனக்குச் செபம் வரவில்லை. அதை உங்களிடம் சொன்னபோது யாரும் அதிர்ச்சி அடையவில்லை, அதற்கும் நன்றி.

“உடைந்த உள்ளத்தார்க்கு அருகில் ஆண்டவர் இருக்கின்றார்” என்று அடக்கத்தின்போது வாசித்தார்கள். அன்று அது காதில் விழுந்ததோடு சரி. இப்போது ‘அருகில்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் சன்னலில் விழுந்த வேன் வெளிச்சமும், உரித்த ஆரஞ்சும், அந்தத் தம்பியின் கையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவரை மறுபடியும் பார்ப்பேன் என்று முழு மனதோடு நம்புகிறேன். இன்னும் அழுகை வருகிறது, வரட்டும்.

கல்லறைத் திருநாளன்று மாலை வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் இருப்பேன். மெழுகுவர்த்தி நிறைய வாங்கி வைத்திருக்கிறேன், வெறுங்கையோடு வாருங்கள்.

அப்புறம், நீங்கள் கஞ்சியும் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பிய பாத்திரங்களில் ஒன்பது இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. பச்சை மூடி போட்ட டப்பா இரண்டு, நான்கு அடுக்கு கேரியர் ஒன்று, கைப்பிடி கழன்ற எவர்சில்வர் தூக்கு ஒன்று, மற்றவை சின்னக் கிண்ணங்கள். எது யாருடையது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடிந்ததும் வீட்டில்தான் இருப்பேன். அவருக்குப் பிடித்த கேசரி கிண்டி வைக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றையும் வெறும் பாத்திரமாகத் தரமாட்டேன்.