முதியோர் செயலகத்துக்கு ஒரு திறந்த மடல்: "குளிருது" என்றால் யாருக்கு விளங்கும்?

முதியோருக்கான தேசிய செயலகத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், முதியோருக்கான தேசிய சபையினருக்கும்,

வணக்கம்.

என் பெரியம்மாவுக்கு 81 வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஃப்ளாட்டின் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் கனடாவில். போன ஐப்பசியில் குளியலறையில் விழுந்து கை முறிந்தது. இனித் தனியே விட ஏலாது என்று எல்லோரும் ஃபோனில் பேசி முடிவெடுத்தோம். முதியோர் இல்லம் தேடுவது பெறாமகனான என் பொறுப்பாயிற்று.

வெள்ளவத்தையிலும் தெஹிவளை, கல்கிசைப் பக்கத்திலும் ஏழு இல்லங்கள் பார்த்தேன். போகும்போது ஒரு கொப்பியில் கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். கொமட்டுக்குப் பக்கத்தில் பிடித்து எழும்பக் கம்பி இருக்கிறதா, கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா (2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை), மருந்து கொடுத்த நேரத்தை எழுதி வைக்கிறார்களா, படுத்த படுக்கையானால் தொடர்ந்து வைத்திருப்பார்களா, முற்பணம் திரும்பக் கிடைக்குமா. இரண்டு இடங்களில் முற்பணத்தைப் பற்றி எழுத்தில் தர மறுத்தார்கள். ஒரு இடத்தில் நடக்கக்கூடியவர்களை மட்டும்தான் எடுப்போம் என்றார்கள். இவையெல்லாம் தேடிப் போகிற எவருக்கும் கண்ணில் படும். நான் எழுத வந்தது வேறு ஒன்று.

ஐந்தாவதாகப் பார்த்த இல்லம் எனக்குப் பிடித்திருந்தது. துப்புரவு, காற்றோட்டம், முற்றத்தில் செவ்வரத்தை. பின்னேரம் ஏழு மணி போல, கட்டணம் பேசிவிட்டு வெளியே வரும்போது, கதவோரக் கட்டிலில் இருந்த ஒரு தமிழ் அம்மா, "குளிருது பிள்ளை, குளிருது" என்று பணிப்பெண்ணிடம் சொன்னார். அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். குளிக்கக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். "ஹெட்ட உதே, அம்மே, ஹெட்ட உதே" என்று, நாளைக் காலையில் குளிக்கலாம் என்பதை அன்பாகச் சொல்லி, தலையையும் தடவிவிட்டுப் போனாள். மேலே ஃபேன் சுழன்றுகொண்டே இருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் விடவில்லை.

அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. இரவில் 19 பேருக்கு இரண்டு பேர்தான் வேலை என்று அவளே பிறகு சொன்னாள்.

அன்றிலிருந்து கொப்பியில் முதல் கேள்வியை மாற்றிவிட்டேன்: இரவு வேலையில் இருப்பவர்களில் யாருக்குத் தமிழ் தெரியும்? "இங்க எல்லாருக்கும் சிங்களம் தெரியும்தானே" என்பதுதான் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வந்த பதில். பெரியம்மாவுக்கும் தெரியும். 1966இல் எழுதுவினைஞராக அரச சேவையில் சேர்ந்தவர். சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் வேலை நிரந்தரமாவதற்குச் சிங்களப் பரீட்சை சித்தியடைய வேண்டியிருந்ததால், இரவிரவாக இருந்து படித்து எழுதினார். கொழும்புக் கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் அந்த மொழியில் கோப்பு எழுதினார். இப்போது அறளை பெயரத் தொடங்கியிருக்கிறது. கீழே கடைக்காரரிடம் பாணுக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்துவிடுகிறார். பிறகு படித்த மொழி முதலில் கழன்றுபோவது மறதி நோயில் பலருக்கும் நடப்பதுதான் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார்.

அப்படியானவர் இரவு இரண்டு மணிக்கு "சத்தி வருது", "நெஞ்சுக்குள்ள இறுக்குது", "ஒண்டுக்குப் போகோணும்" என்றால் யாருக்கு விளங்கும்? தண்ணீர் கேட்டது விளங்காவிட்டால் உடம்பு வறண்டுபோகும். அதனால் சிறுநீரில் கிருமி வரலாம். வயது போனவர்களுக்கு அது மூளையைக் குழப்பிவிடும். குழம்பியவர் சத்தம் போடுவார். சத்தம் போடுகிறவருக்குத் தூக்க மாத்திரை, அந்த மயக்கத்தோடு எழும்பினால் மறுபடி விழுகை. இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு, இது ஒரு சொல் விளங்காததில் தொடங்கியது என்று எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. தனியார் இல்லம் அரச அலுவலகம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவு கொடுப்பது அரசு. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பதிவைப் புதுப்பிக்கும்போது, அங்கே இருப்பவர்களின் தாய்மொழி என்ன, இரவில் அந்த மொழி தெரிந்த ஒருவராவது வேலையில் இருக்கிறாரா என்று எழுதி வாங்குங்கள். அதை வாசலில் மூன்று மொழியிலும் ஒட்டச் சொல்லுங்கள், உறவினர்கள் பார்த்துவிட்டு முடிவெடுப்போம். பரிசோதனைக்குப் போகும் அலுவலர் காலை பத்து மணிக்கு மேட்ரனோடு மட்டும் பேசிவிட்டு வராமல், இருட்டிய பிறகும் ஒருமுறை போகட்டும். தமிழ் முதியவரிடம் தமிழில் கேட்கட்டும்.

பராமரிப்புப் பயிற்சியைத் தமிழ் மொழிமூலம் ஹற்றனிலும் வவுனியாவிலும் கூடுதலாக நடத்தினால், வேலை தேடிக் கொழும்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ்த் தொழிலும் கிடைக்கும். சம்பளமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பயிற்சி முடித்தவர்கள் பராமரிப்பு வேலைக்கு இஸ்ரேலுக்கு விமானம் ஏறுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

"தமிழ் ஆக்கள் நடத்துற இடமாப் பாருங்கோவன்" என்று சிலர் சொன்னார்கள். நான் கேட்டபோது இடம் இருக்கவில்லை. இடம் இருந்தாலும், தமிழர் மட்டும் இருக்கும் இடம்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா விழுந்த அன்று சத்தம் கேட்டு ஓடி வந்து 1990 என்ற இலக்கத்துக்கு ஃபோன் அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டவர் மூன்றாம் மாடிச் சிங்கள அம்மா. அப்படியான அயலோடு கடைசிவரை இருக்கத்தான் பெரியம்மாவுக்கும் விருப்பம். அவர் சொல்வது விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏழில் ஒரு இல்லம் மட்டும் இரவில் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை பத்து மணிக்குப் போகிறேன். உங்கள் அலுவலர் ஒருவரும் என்னோடு வரலாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெறாமகன்