‘குளிருக்குத்தான் அடிக்கடி போகிறான்’ என்று விட்டுவிடாதீர்கள்

கோத்தகிரி
நவம்பர் 3

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

நம் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குச் சர்க்கரை நோய் என்று ஜூலையில் தெரியவந்தது. அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய சில வாரங்கள் அந்தப் பிள்ளை ஒரே பாடவேளையில் இரண்டு முறை வெளியே போகக் கேட்டது. தண்ணீர் பாட்டில் பத்து மணிக்கே காலி. மழையும் பனிமூட்டமுமான நாட்கள் என்பதால், குளிருக்கு எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று நாங்களும் நினைத்தோம், வீட்டிலும் நினைத்தார்கள். ஒரு நாள் வராந்தாவில் நிறுத்தி நானே கண்டித்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. ஸ்வெட்டருக்குள் உடம்பு இளைத்தது யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

குளிரில் சிறுநீர் கூடும், உண்மைதான். ஆனால் குளிரில் தாகம் கூடாது, எடையும் குறையாது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அல்லது படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை திரும்ப நனைத்தால், அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும்.

இது வர்க்கியும் மிட்டாயும் தின்றதால் வந்ததல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் முதல் வகைச் சர்க்கரை நோய் இது. தொற்றாது. ‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே’ என்று அந்த அம்மாவைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த நோய் வரும் பெரும்பாலான பிள்ளைகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. தயவுசெய்து அந்தக் கேள்வியை இனிக் கேட்காதீர்கள்.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ‘மாத்திரையிலேயே சரியாகிவிடுமாம், ஊசியை நிறுத்துங்கள்’ என்று ஒருவர் அந்த வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அதில் ஒரு துளி உண்மையும் உண்டு. பிறந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி என்ற மருத்துவர் தம் குழுவோடு ஆராய்ந்தார். அவர்களில் பலருக்கு ஒரே மரபணுவில் பிழை இருப்பதை 2004இல் கண்டறிந்தார்கள். இன்சுலின் செல்லின் சுவரில் பொட்டாசியம் போகும் வாசல் ஒன்று உண்டு. சர்க்கரை ஏறும்போது அது மூடினால்தான் இன்சுலின் வெளியே வரும். அந்தப் பிழையால் வாசல் மூடாமலே கிடக்கிறது. சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய மாத்திரை அதை மூடிவிடுகிறது. 2006இல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினார்கள். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் அந்தக் குழந்தைகளுக்குச் செல் இருந்தது, வாசல்தான் பழுது. நம் பிள்ளைக்குச் செல்லே அழிந்துவிட்டது. எந்த மாத்திரையும் ஊசிக்கு ஈடாகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. 1922இல் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பெற்றவர்களால் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது.

அப்புறம், பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு ஏறும் மேட்டில் சில நாள் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுங்கும், பசிக்கும், பேச்சு குழறும். இந்தக் குளிரில் ஒரு பிள்ளைக்கு வியர்த்து வழிந்தால் உடனே கவனியுங்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, உட்கார வைத்து, எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை பாட நடுவில் பிஸ்கட் சாப்பிட்டால் அது சலுகை இல்லை, மருந்து மாதிரி.

14ஆம் தேதி குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்டிங் பிறந்ததும் அதே தேதியில்தான், அதனால் உலக நீரிழிவு தினமும் அன்றுதான். இனிப்பு கொடுக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். வழக்கம்போல எல்லோருக்கும் உண்டு. அந்தப் பிள்ளைக்கும் உண்டு. அதற்கேற்ற ஊசி அளவை டாக்டரிடம் கேட்டு வைத்திருப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்